ரேவால் நடை என்று சொல்லிக் குதிரை விற்றால் முதலில் காலைப் பாருங்கள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் போன வருஷம் ராஜஸ்தான் மார்வாரி இனத்தில் ஒரு பெட்டைக் குதிரை வாங்கினேன். “சுத்தமான ரேவால்ங்க, மேல உக்காந்து டீ குடிக்கலாம்” என்றார் தரகர். துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசி, 1,80,000 ரூபாய்க்கு முடிந்தது.

ரேவால் தெரியாதவர்களுக்கு: சாதாரணக் குதிரை துள்ளோட்டத்தில் போனால் வலது முன்காலும் இடது பின்காலும் ஒன்றாக விழும், ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். ரேவாலில் கால்கள் ஒவ்வொன்றாக விழும். இடது பின்கால், இடது முன்கால், அப்புறம் வலது பின், வலது முன். முதுகு குலுங்காது.

தார் ரோட்டில் ஏற்றிக் காட்டினார்கள். குலுக்கல் இல்லை, ஆனால் உடம்பு இடமும் வலமுமாகத் தொட்டில் மாதிரி ஆடியது. இதுதான் ரேவால் சுகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அது ரேவாலே இல்லை, ஒரே பக்கத்து இரண்டு காலும் சேர்ந்து போவதால் வரும் ஆட்டம். கண்ணை மூடிக் கேட்டிருந்தால்கூட நாலு குளம்புத் தட்டுக்குப் பதில் இரண்டுதான் விழுகிறது என்று தெரிந்திருக்கும். நான்தான் அரை மணி நேரம் சுழி பார்த்துக்கொண்டிருந்தேனே! தேவமணி என்கிற ராசியான சுழி இருக்கிறதா என்று கழுத்தைத் தடவியவன் காலைத் தடவவில்லை.

வீட்டில் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். குளம்புக்கு மேலே நாலு காலிலும் வளையம் போட்டதுபோல் முடி தேய்ந்து, நடுநடுவே வெள்ளை முடி முளைத்திருந்தது. பத்து நாளில் மண் தரையில் சாதாரணத் துள்ளோட்டத்துக்கு வந்துவிட்டது. விற்றவருக்குப் போன் போட்டால், “பழக்கம் விட்டுப்போச்சுங்க. ரெண்டு மாசம் நம்மகிட்ட விடுங்க, மாசம் 15,000” என்றார். அதையும் நம்பிக் குதிரையை அவரிடம் விட்டேன்.

இருபதாவது நாள் சொல்லாமல் போய் நின்றேன். இடது முன்காலையும் இடது பின்காலையும் நைலான் கயிற்றால் பிணைத்து, வலது பக்கமும் அதேபோல் கட்டி, பின்னால் சாட்டையோடு விரட்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு அறுத்த இடத்தில் ரத்தம். அன்றே வண்டி வைத்துக் கூட்டிவந்துவிட்டேன். கொடுத்த பணத்தில் ஒரு ரூபாய் திரும்பவில்லை.

புண்ணுக்கு மருந்து போட வந்த கால்நடை மருத்துவர், ரேவால் மாதிரி நடை பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது என்றார். ஐஸ்லாந்துக் குதிரைகளை வைத்து 2012-இல் வந்த ஆராய்ச்சியில் இதற்கென்று ஒரு மரபணு மாற்றத்தையே கண்டுபிடித்திருக்கிறார்களாம். இருக்கிற நடையைப் பழக்கி மெருகேற்றலாம். கயிறு கட்டிப் புதிதாக வரவழைக்க முடியாது.

இந்த ஆடிக்கு அந்தியூர் போகிறவர்கள், தார் ரோட்டோடு விடாமல் மண்ணிலும் ஓட்டச் சொல்லுங்கள். ஏறுவது உங்கள் ஆளாக இருக்கட்டும். ஒரு தடவை காட்டியதோடு முடிக்காமல், சாயங்காலம் சொல்லாமல் போய் மறுபடியும் ஏறிப் பாருங்கள். நாலு காலையும் கையால் தடவிய பிறகு துண்டைப் போடுங்கள்.