ஹாடிக்ஸா, பர்டெட்டா? 1–0 ஆட்டத்தின் இரு பிட்சர்கள்

1959 மே 26, மில்வாக்கி கவுண்டி ஸ்டேடியம், அமெரிக்க பேஸ்பால் ஆட்டம். மில்வாக்கி பிரேவ்ஸ் 1, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 0; வழக்கமான ஒன்பதைத் தாண்டி 13 இன்னிங்ஸ். ஸ்கோர் அட்டையில் ரன், ஹிட் (பந்தை அடித்துப் பேஸ் ஏறுவது), எரர் (ஃபீல்டரின் தவறு) என்ற வரிசையில் பார்த்தால் பிட்ஸ்பர்க் 0–12–1, மில்வாக்கி 1–1–0. பன்னிரண்டு ஹிட் அடித்த அணி தோற்றது, ஒன்றே ஒன்று அடித்த அணி ஜெயித்தது.

ஹார்வி ஹாடிக்ஸ் (பைரேட்ஸுக்குப் பந்து வீசியவர்): 12⅔ இன்னிங்ஸ் (ஒரு அவுட்டுக்கு ⅓), 1 ஹிட், 1 வாக் (பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது), 8 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்), 1 ரன்.
லூ பர்டெட் (பிரேவ்ஸுக்குப் பந்து வீசியவர்): 13 இன்னிங்ஸ், 12 ஹிட், வாக் இல்லை, 2 ஸ்ட்ரைக்அவுட், ரன் இல்லை.

இரண்டு பேருக்கும் இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சரின் கணக்கில் ஏறும் ரன்) 0.00தான். ஹாடிக்ஸ் கொடுத்த ரன் எரரில் தொடங்கியதால் அவர் கணக்கில் ஏறாது. ஆகவே இந்த ஆட்டத்தை அலச இ.ஆர்.ஏ. உதவாது. ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை பேரை ஹிட், வாக் மூலம் பேஸ் ஏறவிட்டார்கள் என்று பாருங்கள்: ஹாடிக்ஸ் 0.16, பர்டெட் 0.92. ஒரு ஆட்டத்தில் பிட்சர் எப்படி வீசினார் என்பதை ஒரே எண்ணில் சொல்லும், புள்ளிவிவர நிபுணர் பில் ஜேம்ஸின் கேம் ஸ்கோர் கணக்கில் ஹாடிக்ஸுக்கு 107, பர்டெட்டுக்கு 85. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் 100 தொடுவதே அபூர்வம்.

பன்னிரண்டு ஹிட் விழுந்தும் ரன் வராதது எப்படி? பர்டெட் யாருக்கும் வாக் கொடுக்கவில்லை. அதனால் பேஸ் ஏற நினைத்தவர் அடித்துத்தான் ஏற வேண்டும். பந்தைத் தரையோடு உருளவைப்பது அவர் பாணி; பின்னால் நின்றவர்கள் மூன்று டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) எடுத்தார்கள். எட்டுப் பேர் பேஸிலேயே நின்றுபோனார்கள். மீதி ஒருவர் ரோமன் மெஹியாஸ். மூன்றாவது இன்னிங்ஸில் ஹாடிக்ஸே அடித்த ஹிட்டில் மூன்றாவது பேஸுக்கு ஓடி அவுட்டானார். அடுத்தவரும் ஹிட் அடித்தார்! மெஹியாஸ் இரண்டிலேயே நின்றிருந்தால் அந்த ஹிட்டில் ரன் வந்திருக்கலாம். இதில் பர்டெட்டின் கைவண்ணம் பாதி, பைரேட்ஸின் அவசரம் பாதி.

ஹாடிக்ஸ் பக்கம் சொல்ல அதிகமில்லை. முதல் பன்னிரண்டு இன்னிங்ஸில் வந்த 36 பேரும் வரிசையாக அவுட். பதின்மூன்றாவதில் ஃபெலிக்ஸ் மன்டியா உருட்டிய பந்தை டான் ஹோக் முதல் பேஸுக்குத் தவறாக எறிந்தார். எடி மேத்யூஸ் பன்ட் (பந்தை மட்டையால் மெல்லத் தட்டுவது) அடித்து, தான் அவுட்டாகி, மன்டியாவை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். ஹாங்க் ஆரனுக்கு வேண்டுமென்றே வாக். அடுத்து ஜோ அட்காக் அடித்தது வேலிக்கு வெளியே போனது.

ஹோம் ரன் என்றால் 3–0 ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஆட்டம் முடிந்ததென்று ஆரன் பாதையை விட்டு விலகிவிட, பின்னால் வந்த அட்காக் அவரைத் தாண்டிவிட்டார். அட்காக் அவுட், ஹிட் வெறும் டபுளாக (இரண்டு பேஸ் ஹிட்) சுருங்கியது. மறுநாள் நேஷனல் லீக் தலைவர் வாரன் ஜைல்ஸ் 1–0 என்று தீர்ப்பளித்தார். ஹாடிக்ஸ் கணக்கில் 12⅓ இல்லாமல் 12⅔ நிற்பதும், பிரேவ்ஸுக்கு ஒரே ரன் என்பதும் இதனால்தான்.

எந்த வீச்சு மேல் என்றால் சந்தேகமின்றி ஹாடிக்ஸுடையதுதான். பர்டெட்டைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை. 47 பேட்டர்களுக்கு வீசி வாக்கே கொடுக்காமல் இருப்பது லேசான காரியமல்ல.

1991-இல் மேஜர் லீக் விதியைத் திருத்தியது: ஆட்டம் முடியும்வரை ஹிட் விழாவிட்டால்தான் நோ-ஹிட்டர். அத்தோடு ஹாடிக்ஸின் பெயர் அந்தப் பட்டியலிலிருந்தும் போயிற்று.