ஐந்து பைகளும் ஒரு தும்புத்தூள் கட்டியும்: பல்கனித் தோட்டப் பொதி எப்படி?

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த தொடர்மாடியொன்றின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் எங்களுக்கு மண் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. நாலடி அகலமும் ஒன்பதடி நீளமுமான ஒரு பல்கனி மாத்திரமே உண்டு. அலுவலகத்துக்குப் புறப்படுமுன் கிடைக்கும் இருபது நிமிடத்துக்குள் கவனிக்கக்கூடிய தோட்டமாக இருக்கட்டும் என்று எண்ணி, நகரிலுள்ள நாற்றுக்கடையொன்றில் ‘வீட்டுத்தோட்டப் பொதி’ என்ற பெயரில் விற்கப்பட்டதை 4,800 ரூபாவுக்கு வாங்கினேன். 12 அங்குல விட்டமும் அதேயளவு உயரமும் கொண்ட ஐந்து கறுப்புப் பைகள், மண்ணுக்குப் பதிலாக நிரப்பும் தும்புத்தூளை (தேங்காய் மட்டைத் தூளை) அழுத்திச் செய்த 5 கிலோ கட்டியொன்று, சிறிதளவு கூட்டெரு, ஐந்து விதைப்பொதிகள் ஆகியன அதற்குள் இருந்தன. நான்கு மாதப் பயன்பாட்டின் பின் இதை எழுதுகிறேன்.

பைகளில் குறை சொல்ல எதுவுமில்லை. பிற்பகல் முழுதும் மேற்கு வெயிலில் நின்றும் அவை வெடிக்கவில்லை, தையலும் விடவில்லை.

தும்புத்தூளில்தான் ஏமாற்றம். 5 கிலோ கட்டி நன்றாக ஊறினால் ஏறத்தாழ 70 லீற்றர் வரை பொங்கும். மேற்சொன்ன அளவுள்ள ஒரு பைக்கோ 20 லீற்றர் வேண்டும். ஆகவே ‘ஐந்து பைகளுக்கும் போதுமானது’ என்று பொதியில் அச்சிட்டிருப்பது, மூன்று பைகளை நிரப்பி நான்காவதைத் தொடும்போதே பொய்யாகிவிடுகிறது. இதைவிடப் பெரிய குறை, அது கழுவப்படாத தூள் என்பதாகும். குளியல் வாளியில் ஊறவைத்தபோது வடிந்த நீர் கடும் பிளேன்ரீயின் நிறத்தில் இருந்தது; அதைப் பொருட்படுத்தாமல் நட்ட கறிமிளகாய்க் கன்றுகளின் இலை விளிம்புகள் பத்தே நாளில் தீய்ந்தன. கடற்காற்றின் உப்பு என்றே முதலில் நினைத்தேன். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்தை அழைத்த பின்னர்தான், தூளிலேயே உப்பு தங்கியிருக்கக்கூடும் என்பது விளங்கியது. நிறம் வெளிறும்வரை மூன்று நான்கு தடவை நீர் மாற்றிக் கழுவிய பின் நட்ட கன்றுகளுக்கு அந்தத் தொல்லை வரவில்லை.

தும்புத்தூளில் பயிருக்கான ஊட்டம் மிகச் சொற்பம் என்பதையும் பொதி சொல்லவில்லை. கூட்டெரு தீர்ந்ததும் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. நீரில் கரைத்து ஊற்றும் பசளையான அல்பேர்ட் கலவையைத் தனியே வாங்கி, லீற்றருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து ஊற்றிவருகிறேன். மேற்பரப்பு காய்ந்து தெரிந்தாலும் அடியில் ஈரம் நிற்கும் என்பதால், பையின் ஓரத்தைச் சற்றுத் தூக்கிப் பாரம் பார்த்த பின்னரே நீர் விடுகிறேன். வடியும் கறுப்பு நீர் கீழ்மாடி அன்ரியின் கொடியில் காய்ந்த வெள்ளைச் சேலையில் விழுந்த நாளிலிருந்து தட்டுகளும் வைத்திருக்கிறேன். டெங்கு நுளம்பு முட்டையிட இடம் கொடுக்கலாகாது என்பதால் அவற்றை மணலால் நிரப்பியிருக்கிறேன்.

விதைத் தெரிவோ வேடிக்கையானது. கங்குன், வெண்டி, கறிமிளகாய் ஆகிய மூன்றும் சரி; ஆனால் மலைநாட்டுக் குளிரில் விளையும் கரட்டையும் கோவாவையும் கொழும்பின் வெக்கைக்கு விற்பவர், தாம் விற்பதை ஒருமுறையேனும் விதைத்துப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகமே. முளைத்தவற்றுள் என் இருபது நிமிடத்துக்கு ஈடு தந்தது கங்குன் ஒன்றுதான்: நான்கு வாரத்தில் முதல் வெட்டு, கணுவுக்கு மேலே வெட்டியதால் மீண்டும் தளிர்த்து, இதுவரை ஐந்து தடவை சுண்டலுக்கு ஆயிற்று. வெண்டியில் ஒரு நேரக் கறிக்குச் சேர்வதற்குள் முதலில் பறித்தது வாடிவிடுகிறது. இரண்டே செடிக்கு வேறு என்ன எதிர்பார்க்கலாம்?

பைகளை மட்டும் தனியாக விற்றால் இந்தக் கடையிலேயே மறுபடியும் வாங்குவேன். பொதியாக வாங்குவதாயின், கழுவிய தூள்தானா என்று கேட்டு, இன்னொரு கட்டிக்கும் பசளைக்கும் சேர்த்தே பணம் கொண்டுபோங்கள். கரட் விதையை நுவரெலியாவிலிருக்கும் சித்திக்கு அனுப்பிவிட்டேன், அங்கே முளைத்துவிட்டதாம்.