சேலத்துக் கல்சட்டி: ஒன்றரை வருடம் புழங்கியபின்

சேலத்தில் வாங்கிய இரண்டு லிட்டர் மாக்கல் சட்டி இது. வாங்கிய அன்றே அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள், பழக்க வேண்டும். விளக்கெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து உள்ளும் புறமும் பூசி இரண்டு நாள் வைத்தேன். அப்புறம் ஒரு வாரம், தினமும் வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றி, ஆறியதும் கழுவினேன். அதற்குப் பிறகுதான் அடுப்பு, அதுவும் சிம்மில், கஞ்சியோடு. சாம்பல் நிறமாக வந்த சட்டி இப்போது கன்னங்கரேலென்று மின்னுகிறது.

வத்தக்குழம்புக்கு இதை மிஞ்ச என் சமையலறையில் வேறு பாத்திரம் இல்லை. குழம்பு முக்கால் பதத்தில் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுவேன். கல்லில் தங்கிய சூட்டிலேயே தளதளவென்று கொதித்து, எண்ணெய் பிரிந்து நிற்கும். புளி எவ்வளவு நேரம் கிடந்தாலும் கல்லை ஒன்றும் செய்யாது. மறுநாள் ருசி இன்னும் கூடும்.

மாக்கல்லில் டால்க் என்ற மிருதுவான தாது அதிகம், சீக்கிரம் கீறல் விழும். கம்பி நார் வேண்டாம். அரப்புப் பொடியும் தேங்காய் நாரும் போதும். சூட்டோடு பச்சைத் தண்ணீர் படவே கூடாது. அம்மாவின் சட்டி அப்படித்தான் வெடித்தது, என் கையால், எனக்குப் பதினாறு வயதில். இன்றும் மனசு வலிக்கிறது.

கனம்தான் குறை, குழம்போடு ஒரு கையால் தூக்க முடியாது. இன்டக்‌ஷனில் சூடேறாது. கேஸ் அடுப்பு என்றால் தயங்காமல் வாங்கலாம். அடுத்து மோர்க்குழம்புக்கு ஒரு லிட்டரில் ஒன்று வாங்கப் போகிறேன்.