வாட்ஸ்அப்பா, வைஃபை காலிங்கா, ஃபைபர் லேண்ட்லைனா? வீட்டு நெட்டுக்கு எது தோது

மன்னார்குடி பக்கம் எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தராவது சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருப்பாங்க, அதனால சாயந்தரம் ஆனா எல்லா வீட்லயும் போன் பேச்சுதான். "நீ பேசறதாலதான் சீரியல் சுத்திக்கிட்டே நிக்குது"ன்னு அம்மா என்னை திட்டாத நாள் இல்ல. அது நெசமான்னு ஒரு மாசமா மூணு வழியிலயும் பேசிப் பாத்துட்டு இத எழுதறேன்.

மொதல்ல கணக்கு. லேண்ட்லைன் தரத்துல ஜி.711ங்கற முறையில ஒரு கால் போனா குரலுக்கு 64 கேபிபிஎஸ் (செகண்டுக்கு 64 ஆயிரம் பிட்; ஆயிரம் கேபிபிஎஸ் சேந்தா ஒரு எம்பிபிஎஸ்), கூட ஒட்டிக்கிட்டு போற அட்ரஸ் சமாச்சாரம் எல்லாம் சேத்து 87 கேபிபிஎஸ் பக்கம் வரும், போறதுக்கு அவ்ளோ வர்றதுக்கு அவ்ளோ. ஒரு மணி நேரம் பேசினாலும் ஒரு பக்கத்துக்கு 40 மெகாபைட் சுமார்தான். 30 எம்பிபிஎஸ் ஃபைபர்ல இது முந்நூறுல ஒரு பங்குகூட இல்ல. வாட்ஸ்அப் குரல் கால் இன்னும் கம்மி. வீடியோ கால்தான் கொஞ்சம் இழுக்கும், நல்லா தெளிவா தெரியணும்னா 1 எம்பிபிஎஸ் தாண்டும்.

அப்ப ஏன் குரல் வெட்டி வெட்டி வருது? குரலை 20 மில்லிசெகண்ட் துண்டா நறுக்கி செகண்டுக்கு 50 துண்டு அனுப்பறாங்க, லேட்டா வந்த துண்டு வீண். ஒரு வழிக்கு 150 மில்லிசெகண்டுக்குள்ள வந்து சேந்தா பேச்சு இயல்பா இருக்கும்ங்கறது ஐடியூங்கற உலகத் தொலைத்தொடர்பு அமைப்போட ஜி.114 கணக்கு. ஜூன் 12 மேட்டூர் தொறந்தாச்சுன்னு டிவில சொன்னா கடைமடைக்காரங்க சந்தோஷப்பட மாட்டோம், நடுவுல எங்க அடைச்சிருக்குன்னுதான் பாப்போம். வீட்டு நெட்ல அந்த அடைப்பு பெரும்பாலும் அப்லோடுல, அதாவது வீட்லேர்ந்து வெளிய போற பக்கத்துல இருக்கு.

அத்தை பேரனுக்கு காதுகுத்து முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்கு வந்தோம், வந்த உடனே நாலு போனும் வைஃபைல ஏறி வீடியோவெல்லாம் தானா பேக்கப் ஆக ஆரம்பிச்சிடுச்சு, சரியா அந்த நேரம் அண்ணன் சிங்கப்பூர்லேர்ந்து கால், "கேக்குதா, கேக்குதா"ன்னே பத்து நிமிஷம் போச்சு. ரூட்டர் வரிசைல வீடியோ மூட்டையெல்லாம் முன்னாடி நிக்குது, குரல் துண்டு பின்னாடி காத்துக்கெடக்கு. சீரியல் நின்னதும் இதனாலதான், வந்த படத்தை வாங்கிக்கிட்டேன்னு திருப்பிச் சொல்ற சின்ன தகவல்கூட மேல போக முடியல. பழைய காப்பர் போன் கம்பி வழியா வர்ற ஏடிஎஸ்எல் நெட்ல அப்லோடு 1 எம்பிபிஎஸ் சுமாருக்குத்தான் வரும், அதுல ரெண்டு வீடியோ கால் வந்தாலே முடிஞ்சுது. பேச்சு நேரத்துல பேக்கப்பை நிறுத்துங்க, ரூட்டர்ல க்யூஓஎஸ் (எது முன்னாடி போகணும், எவ்ளோ வேகத்துல போகணும்னு கட்டுப்படுத்தற வசதி) இருந்தா அப்லோடை நெச வேகத்துல 90 சதவீதத்துக்கு கட்டி வைங்க. நான் இதப் பண்ணதுலேர்ந்து அம்மா திட்டல.

இனி மூணையும் பக்கத்துல வச்சுப் பாப்போம். வாட்ஸ்அப் செலவில்லாதது, பேரப்புள்ளை மொகம் தெரியும், அதுக்கு ஈடு இல்ல. ஆனா ரெண்டு பக்கமும் நெட் வேணும், துபாய்ல சாதாரணமா வாட்ஸ்அப் கால் போகாது, வேற ஆப்தான்.

வைஃபை காலிங் நம்ம சிம் நம்பர்லயே வீட்டு நெட் வழியா போறது, இங்க 2019 கடைசிலேர்ந்து வர ஆரம்பிச்சுது. கனமான செவுரு வச்ச பழைய வீட்டுக்குள்ள டவர் எடுக்காதவங்களுக்கு இதுதான் மருந்து, எதிர்ல பட்டன் போன் இருந்தாலும் போகும். கொல்லைக்கு நடந்து போனா டவர் இருந்தா அப்படியே மாறிக்கும், இல்லாட்டி கால் கட் ஆயிடும். ரூட்டர்ல 500, 4500ங்கற நம்பர் போர்ட் (தகவல் போற வாசல் மாதிரி) அடைச்சிருந்தா இது எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. முக்கியமா, இது வழியா சிங்கப்பூர் நம்பருக்கு அடிச்சா ஐஎஸ்டி காசு போகும், வைஃபைதானேன்னு நெனச்சு மணிக்கணக்கா பேசிடாதீங்க.

வயசானவங்க தனியா இருக்கற வீட்டுக்கு என் ஓட்டு ஃபைபர் பெட்டில சொருகற லேண்ட்லைனுக்குத்தான். பல கனெக்‌ஷன்ல குரலுக்கு தனிப் பாதை ஒதுக்கி வச்சிருப்பாங்க, அப்ப யாரு என்ன டவுன்லோடு பண்ணாலும் பேச்சு அசையாது. ஆப் வேணாம், சார்ஜ் வேணாம், மணி அடிச்சா எடுத்தா போதும்.

ஒரே கொறை கரண்ட். பழைய காப்பர் போனுக்கு எக்ஸ்சேஞ்ச்லேர்ந்தே 48 வோல்ட் வரும், நம்ம வீடு இருண்டாலும் பேசும். ஃபைபர்ல அது கெடையாது, பெட்டி அணைஞ்சா மூணு வழியும் சேந்து போச்சு. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப டவரும் சாஞ்சு கரண்டும் இல்லாம வெளிநாட்ல இருந்த புள்ளைங்க தவிச்ச தவிப்பு எங்க பக்கம் யாருக்கும் மறக்காது. அவ்ளோ பெரிய புயலுக்கு வீட்டுக்குள்ள வைக்கற எதுவும் தாங்காது, ஆனா தெனம் போற கரண்டுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு போதும், அடாப்டர்ல எழுதியிருக்கற ஆம்பியர் பாத்து வாங்குங்க. நான் வாங்கி மாட்டினேன். போன வாரம் மழைல கரண்ட் போன ராத்திரி அண்ணன் கூப்ட்டுச்சு, அம்மா இருட்டுல செவுத்தைப் புடிச்சுக்கிட்டே போய் எடுத்து அரை மணி நேரம் பேசினாங்க.