எந்தப் படத்துக்கு எந்த மிரர்லெஸ்: சென்சாரின் வேகத்தை வைத்து ஒரு மதிப்பீடு

தொழில்முறை மிரர்லெஸ் கேமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது மெகாபிக்சல், அடுத்தது நொடிக்கு எத்தனை ஃப்ரேம். இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சார், மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை தன்னை வாசித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது? விளம்பரத் தாள்களில் இந்த எண் பெரும்பாலும் இருக்காது. ஆனால் ஒரு கேமரா எந்த வேலைக்கு ஒத்துவரும், எதில் காலை வாரும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் எண் வேறில்லை.

எலக்ட்ரானிக் ஷட்டரில், அதாவது திரை எதுவும் அசையாமல் சென்சாரையே வரிவரியாக வாசித்து எடுக்கும்போது, சோனி ஏ1, நிக்கான் இசட் 8, இசட் 9 ஆகியவை ஏறத்தாழ 4 மில்லி நொடியில் வாசித்து முடித்துவிடும். கேனான் ஆர்5 மார்க் 2 சுமார் 6. நிக்கான் இசட் 6 மார்க் 3, கேனான் ஆர்6 மார்க் 2 இரண்டும் 15ஐ ஒட்டி. சோனி ஏ7 மார்க் 4 அறுபதைத் தாண்டும். 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர் மார்க் 5க்கு நூறு மில்லி நொடி அளவுக்கு ஆகிறது. ஃபூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 100 மார்க் 2 அதைவிட மெதுவானது. சோனி ஏ9 மார்க் 3இல் மட்டும் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதன் குளோபல் ஷட்டர் எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதிவு செய்கிறது.

நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் சுழலும் மட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 4 மில்லி நொடியில் அது 12 சென்டிமீட்டர் நகரும். படத்தில் லேசான சாய்வு தெரிந்தால் அதிகம். அதே மட்டை 60 மில்லி நொடியில் 1.8 மீட்டர் போய்விடும். மட்டை நெளிந்து வளைந்து, ஆட்டக்காரரின் கையோடு ஒட்டாததுபோல் பதிவாகும். ஷட்டர் வேகத்தை 1/8000 நொடி வைத்தாலும் இது மாறாது. ஷட்டர் வேகம் தீர்மானிப்பது ஒவ்வொரு வரியும் எவ்வளவு நேரம் ஒளி வாங்குகிறது என்பதை; வளைவைத் தீர்மானிப்பது முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே உள்ள இடைவெளி. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

விளையாட்டும் வனவிலங்கும்

ஓட்டம், பாய்ச்சல், பறத்தல் எல்லாம் இங்கேதான். ஸ்டாக்டு சென்சார் (சுற்றுகளை அடியில் அடுக்கி வேகமாக வாசிக்கும் வகை) இல்லாத பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. திரைகள் திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 10, 12 ஃப்ரேம் எடுக்கமுடியும் என்பது உண்மைதான். ஆனால் சத்தமில்லாமலும், வியூஃபைண்டர் நடுவில் இருளாமலும் பறவையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே எடுப்பது வேறு அனுபவம்.

இன்று கிடைப்பவற்றில் செலவுக்கும் பலனுக்கும் சரியான இடத்தில் நிற்பது நிக்கான் இசட் 8. 2021இல் வந்த இசட் 9இன் 45.7 மெகாபிக்சல் சென்சாரை அப்படியே 910 கிராம் பாடியில் வைத்து 2023இல் கொண்டுவந்தார்கள். ரா வடிவில் (சென்சாரின் மூலத் தரவாக) நொடிக்கு 20 ஃப்ரேம். மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, ஆகவே தேய்ந்துபோகவும் ஒன்றுமில்லை. இதன் உண்மையான குறை இரண்டு. முதலாவது பேட்டரி: இசட் 9 தரும் எண்ணிக்கையில் பாதியைக்கூடத் தராது, ஒரு முழு நாள் காட்டில் இருக்க மூன்று பேட்டரி வேண்டும். இரண்டாவது ப்ரீ-ரிலீஸ். பட்டனை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய கணங்களையும் சேர்த்துப் பிடிக்கும் இந்த வசதி இதில் ஜேபெக்கில் மட்டும் வேலை செய்கிறது. கிளையிலிருந்து மீன்கொத்தி எப்போது பாயும் என்று காத்திருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. கேனான் ஆர்5 மார்க் 2, சோனி ஏ9 மார்க் 3, ஏ1 மார்க் 2, ஓஎம்-1 மார்க் 2 ஆகியவை இதை ராவிலேயே தருகின்றன.

கேனான் ஆர்5 மார்க் 2இல் கண் பார்க்கும் இடத்தில் ஃபோகஸ் புள்ளி வைக்கும் வசதி உண்டு. கூட்டமாக ஓடும் ஆட்டக்காரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க அது பெரிய உதவி. ஆனால் வெளிச்சத்துக்கு ஏற்பவும், கண்ணாடி போட்டும் போடாமலும் தனித்தனியாகப் பலமுறை கேலிபரேட் செய்தால்தான் (கேமராவுக்கு உங்கள் கண்ணைப் பழக்கினால்தான்) நம்பி எடுக்கலாம். ஒரே ஒருமுறை செய்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று அணைத்து வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பறவைக்காரர்களில் ஒரு பகுதியினர் முழு ஃப்ரேமை (36×24 மிமீ சென்சாரை) விட்டு, அதைவிடச் சிறிய சென்சார் கொண்ட ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1 மார்க் 2க்குப் போவதில் நியாயம் இருக்கிறது. 300 மிமீ லென்ஸ் இதில் 600 மிமீ லென்ஸின் பார்வைக் கோணத்தைத் தரும்; தோளில் தொங்கும் எடை பாதியாகக் குறையும். ஐபி53 அளவுக்குத் தூசி, சாரல் தாங்கும். ஆட்டோஃபோகஸுடன் நொடிக்கு 50 ஃப்ரேம் என்பது குறிப்பிட்ட சில லென்ஸ்களில் மட்டுமே கிடைக்கும், அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு லென்ஸ் வாங்குங்கள். விடிகாலையில், அடர்ந்த மர நிழலில், சிறிய சென்சாரின் நுண்மணிகள் (இரைச்சல் புள்ளிகள்) தெரியத்தான் செய்யும்.

இந்தத் துறையில் பாடியைவிட லென்ஸ்தான் முடிவைச் சொல்லவேண்டும். நிக்கானின் 600 மிமீ எஃப்/6.3 பிஎஃப் லென்ஸ் (எஃப் எண் லென்ஸின் திறப்பைக் குறிக்கும்; எண் கூடினால் ஒளி குறையும்) ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. கையில் பிடித்தே ஒரு காலை முழுவதும் எடுக்கலாம். இந்த லென்ஸுக்காகவே நிக்கானுக்கு மாறலாம் என்பது என் கருத்து. சோனியின் 200–600, நிக்கானின் 180–600, கேனானின் 200–800 மூன்றும் 2 கிலோவை ஒட்டியவை. இதில் கேனான் 800 மிமீ முனையில் எஃப்/9 ஆகிவிடும், நல்ல வெயில் வேண்டும். சோனியில் மாற்று நிறுவன லென்ஸ் போட்டால் பர்ஸ்ட் (தொடர்ந்து படம் எடுக்கும்) வேகம் நொடிக்கு 15 ஃப்ரேமில் நின்றுவிடும். நொடிக்கு 120 ஃப்ரேமுக்காக ஏ9 மார்க் 3 வாங்கிவிட்டு மலிவான டெலிஃபோட்டோ போட்டால் பணம் வீண்.

எல்இடி விளக்குகளும் பட்டைக் கோடுகளும்

மண்டபம், மேடை, உள்ளரங்கம் எல்லாவற்றிலும் இன்று எல்இடிதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் சாதாரண விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஒரு சுற்று 10 மில்லி நொடி. 60 மில்லி நொடி சென்சாரில் எலக்ட்ரானிக் ஷட்டரை வேகமாக வைத்தால் ஆறு பட்டைகள் விழும். 4 மில்லி நொடி சென்சாரில் பட்டையாக விழாது, ஆனால் ஒரு ஃப்ரேம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். 50 ஹெர்ட்ஸில் 1/100 அல்லது 1/50, 60 ஹெர்ட்ஸில் 1/120 அல்லது 1/60 நொடி வைத்தால் இது தீரும்.

மேடை விளக்குகளும் எல்இடி திரைகளும் வேறு ரகம். அவை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அணைந்து எரியும். 2000 ஹெர்ட்ஸ் என்றால் 4 மில்லி நொடிக்குள் எட்டுச் சுற்று. அதனால் விலையுயர்ந்த ஸ்டாக்டு சென்சாரிலும் மெல்லிய கோடுகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டரின் திரைகள் சென்சாரைக் கடக்கவும் சில மில்லி நொடி ஆவதால் அதுவும் முழுத் தீர்வு இல்லை. இங்கே உதவுவது ஷட்டர் வேகத்தைத் தசம அளவில் நுணுக்கமாகத் திருப்பும் ஹை-ஃப்ரீக்வென்சி ஃப்ளிக்கர் வசதி. வியூஃபைண்டரில் கோடுகள் மறையும்வரை மெதுவாகத் திருப்பி அங்கேயே நிறுத்தவேண்டும். விளக்கு மாறினால் மறுபடியும் செய்யவேண்டும்.

இப்படிப்பட்ட மண்டபங்களில் நடக்கும் திருமணத்துக்கு என் தேர்வு கேனான் ஆர்6 மார்க் 2 அல்லது நிக்கான் இசட் 6 மார்க் 3. 24 மெகாபிக்சல் போதும். 3000 ரா படங்கள் சுமார் 30 மெகாபைட் வீதம் 90 ஜிபி. அதையே 61 மெகாபிக்சலில் எடுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும், எடிட்டிங் நேரமும் கூடும். ஆல்பத்தில் வித்தியாசம் தெரியாது. ஆர்6 மார்க் 2இல் எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் ஃப்ளாஷ் எரியாது. சடங்கு நடக்கும்போது சத்தமில்லாமல் எடுத்துவிட்டு அடுத்த கணம் ஃப்ளாஷுக்குப் போகிறவர்கள், ஷட்டர் வகை மாற்றுவதை ஒரு கஸ்டம் பட்டனில் வைத்துக்கொள்வது அவசியம். இசட் 6 மார்க் 3இன் பகுதி-ஸ்டாக்டு சென்சாரில், குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறனில்) நிழல்களை மூன்று நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பு) தூக்கினால் நுண்மணி சற்றுக் கூடுதலாகத் தெரியும். திருமண வேலையில் அந்த அளவுக்குத் தூக்க வேண்டிய தேவை அரிது.

ஃப்ளாஷ் வைத்துப் போர்ட்ரெய்ட்

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200 நொடிக்கு எஃப்/11 வரும். பின்னணி மங்கவேண்டும் என்று எஃப்/2.8க்குத் திறந்தால் நான்கு ஸ்டாப் அதிகம். ஷட்டரை 1/3200க்குக் கொண்டுபோகவேண்டும். ஆனால் பெரும்பாலான பாடிகளின் ஃப்ளாஷ் சிங்க், அதாவது ஃப்ளாஷோடு ஒத்துவரும் அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/200, 1/250 நொடியோடு முடிகிறது. எச்எஸ்எஸ் (இந்த வரம்பைத் தாண்ட ஃப்ளாஷை விட்டுவிட்டு மின்னவைக்கும் முறை) போட்டால் ஃப்ளாஷின் பலம் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் போய்விடும். ஒளியைக் குறைக்கும் நான்கு ஸ்டாப் என்டி ஃபில்டர் போடலாம், ஆனால் அது ஃப்ளாஷையும் அதே அளவு குறைக்கும். பெரிய ஸ்ட்ரோப் (ஸ்டுடியோ ஃப்ளாஷ்) தேவைப்படும்.

ஏ9 மார்க் 3 இந்தச் சுவரை உடைத்தது. அதில் 1/80000 நொடிவரை ஃப்ளாஷ் சிங்க் ஆகும். இரண்டு விஷயங்களை மறக்கக்கூடாது. அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 250. ஆகவே அதே வெயிலில் எஃப்/2.8க்கு 1/8000 நொடி தேவைப்படும். அடுத்தது, முழுப் பலத்தில் பெரிய ஸ்ட்ரோப் எரிந்து அணையவே பல மில்லி நொடி ஆகலாம். 1/8000 நொடி ஷட்டர் அந்த ஒளியில் ஒரு துண்டை மட்டுமே வாங்கும். ஃப்ளாஷ் எரியத் தொடங்கும் கணத்தையும் ஷட்டரையும் பொருத்த மெனுவில் உள்ள நேர அமைப்பைச் சரிசெய்து, சோதனைப் படங்கள் எடுத்துப் பார்க்காமல் வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மற்றொரு வழி, லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் உள்ள ஹாசல்பிளாட் எக்ஸ்2டி 100சி. அடிப்படை ஐஎஸ்ஓ 64 என்பதால் அதே வெயிலில் எஃப்/2.8க்கு 1/2000 நொடி போதும், அந்த வேகத்தில் ஃப்ளாஷ் முழுமையாக எரியும். 1 டிபி சேமிப்பு பாடிக்குள்ளேயே இருக்கிறது. வீடியோ கிடையாது, ஓடுகிற குழந்தையை இதில் பிடிக்க நினைக்கவேண்டாம்.

எஃப்/1.4, எஃப்/1.2 லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்கவேண்டும். எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் (தொடக்கத்தை மின்னணு முறையிலும் முடிவைத் திரையாலும் செய்யும் ஷட்டர்) போட்டு 1/2000க்கு மேல் போனால் பின்னணி ஒளிவட்டங்கள் வெட்டுப்பட்டுப் பதிவாகும். லென்ஸைக் குறை சொல்லவேண்டியதில்லை. முழு மெக்கானிக்கலுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

அசையாத காட்சிகள்

நிலக்காட்சி, கட்டடம், பொருள் படங்கள். இங்கே மெதுவான சென்சார் குற்றமே இல்லை. ஏ7ஆர் மார்க் 5 போதும். ஜிஎஃப்எக்ஸ் 100 மார்க் 2இன் பிக்சல் அளவும் இதன் பிக்சல் அளவும் ஒன்றுதான், 3.76 மைக்ரான். ஜிஎஃப்எக்ஸில் பரப்பளவுதான் 1.67 மடங்கு. ஒளியில் ஒரு ஸ்டாப்புக்கும் குறைவான லாபம், 102 மெகாபிக்சல். சுவர் அளவு பிரிண்ட் போடாதவர்களுக்கு அந்தச் செலவு வேண்டாம். இவ்வளவு சின்ன பிக்சலில் எஃப்/11ஐத் தாண்டினால், சிறு திறப்பில் ஒளி விரிவதான டிஃப்ராக்‌ஷன் கூர்மையைத் தின்னும். எஃப்/16க்குப் போவதைவிட எஃப்/8இல் ஃபோகஸை மாற்றி மாற்றி மூன்று முதல் ஐந்து படம் எடுத்து இணைப்பது (ஃபோகஸ் ஸ்டாக்) நல்லது.

கார்டில் கோட்டை விடாதீர்கள்

இசட் 8 இழப்பற்ற ராவில் ஒரு படம் சுமார் 50 மெகாபைட். நொடிக்கு 20 என்றால் 1 ஜிபி. சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி மெமரி கார்டின் பெட்டியில் போட்டிருப்பது உச்ச வேகம். பார்க்கவேண்டியது தொடர்ந்து எழுதும் வேகம். இதைவிடப் பெரிய பொறி இரண்டாவது ஸ்லாட். இசட் 8, ஆர்5 மார்க் 2 இரண்டிலும் அது எஸ்டி. யுஎச்எஸ்-2 எஸ்டியின் உச்சமே நொடிக்கு 312 மெகாபைட். இரண்டிலும் ரா எழுதச் சொன்னால் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிறைந்தபின் கேமரா நொடிக்கு ஐந்தாறு படங்களுக்கு இறங்கிவிடும். ராவை சிஎஃப்எக்ஸ்பிரஸிலும் ஜேபெக்கை எஸ்டியிலும் எழுதுங்கள். இரண்டிலும் ரா கட்டாயம் என்றால் ஒரே வகை ஸ்லாட் இரண்டு உள்ள இசட் 9, கேனான் ஆர்1, அல்லது டைப் ஏ ஸ்லாட் இரண்டு உள்ள சோனி.

வாங்குமுன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து நான்கு சோதனை செய்துவிடுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரில் கதவின் சட்டத்தைப் பார்த்தபடி கேமராவை வேகமாகத் திருப்பி எடுத்து, செங்குத்துக் கோடு எவ்வளவு சாய்கிறது பாருங்கள். எல்இடி விளக்கின் கீழ் 1/1000 நொடியில் பத்துப் படம் எடுங்கள். உங்கள் சொந்தக் கார்டு இரண்டையும் போட்டு, பர்ஸ்ட் எத்தனையாவது நொடியில் தடுமாறுகிறது என்று கணக்கிடுங்கள். உங்களிடம் உள்ள மிகக் கனமான லென்ஸை மாட்டிப் பத்து நிமிடம் கண்ணோடு வைத்துக்கொண்டு நில்லுங்கள். சுண்டுவிரல் கிரிப்புக்கு வெளியே தொங்கினால் பேட்டரி கிரிப்பின் விலையையும் எடையையும் சேர்த்தே கணக்குப் போடவேண்டும்.