ராமநாதபுரம் மரபு நடை: போகலாமா?

எங்கள் பக்கத்து வரலாற்று ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை மரபு நடை, அதாவது பழைய இடங்களைச் சுற்றிக் காட்ட, கூட்டிப் போகிறார்கள். கட்டணம் கிடையாது, வேன் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தாராளமாகப் போகலாம், ஒரு குறையைப் பொறுத்துக்கொண்டால்.

முதலில் ராமலிங்க விலாசம், ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களின் அரண்மனை. முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்துச் சுவரோவியங்கள், தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை, ஐரோப்பியர்களைச் சேதுபதி சந்திப்பது எல்லாம் அங்கே இருக்கின்றன. ராமாயணக் காட்சிகளுக்கு மட்டும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தக் கதை யாருக்குத்தான் தெரியாது?

அடுத்தது அழகன்குளம். தனியாகப் போனால் ஒன்றும் விளங்காது. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடு, கோட்டைமேடு என்கிறார்கள், 1986 தொடங்கி 2017 வரை தொல்லியல் துறை பல தடவை தோண்டிவிட்டுக் குழிகளை மூடிவிட்டது. ரோமானியக் காசுகளும் கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்தது இங்கேதான். கூட வந்தவர் தரையில் கிடந்த கறுப்பு சிவப்பு ஓடு ஒன்றை எடுத்து, உள்பக்கம் ஏன் கறுப்பு, வெளியே ஏன் சிவப்பு என்று சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்ட முறையைச் சொல்லிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். பையில் போட்டுக்கொள்ளப் பார்த்த ஒரு தம்பிக்கு நல்ல டோஸ் விழுந்தது!

எனக்குப் பிடித்தது கடைசியில் காட்டிய மைப்படிதான். கல்வெட்டைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் தட்டித் தட்டி, அப்புறம் மை ஒற்றுகிறார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத எழுத்து கறுப்புக்கு நடுவே வெள்ளையாக எழும்பி வருகிறது.

குறை அதற்கப்புறம்தான். எடுத்த படிகள் யாரோ ஒருவர் வீட்டு பீரோவில் சுருட்டிக் கிடக்கின்றன, போட்டோக்கள் வாட்ஸ்அப் குரூப்போடு சரி. ஒரு படியின் நகல் கேட்டேன், "அனுப்புறோம் சார்" என்றார்கள், இன்னும் வரவில்லை. எந்த ஊர், எந்தக் கல், என்ன வாசகம் என்று குறித்து ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் வைத்தால்கூடப் போதும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

கோட்டைமேட்டில் நல்ல வெயில், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். சித்திரை, வைகாசியில் கூப்பிட்டால் போகாதீர்கள், தை மாசி சரியாக இருக்கும்.