எலும்பு பயாப்ஸியில் கால்சியம் நீக்க: நைட்ரிக்கா, ஃபார்மிக்கா, இ.டி.டி.ஏ.வா?

எலும்புத் துண்டை அப்படியே மெழுகில் புதைத்து மைக்ரோடோமில் (திசுவை மிக மெல்லிய சீவல்களாக வெட்டும் கருவி) வெட்டினால் துண்டு நொறுங்கும், பிளேடும் பாழாகும். அதனால்தான் ஃபார்மலினில் நன்கு பதப்படுத்திய பிறகு கால்சியத்தைக் கரைத்தெடுக்கிறோம். எதைக் கொண்டு என்பதில் லேபுக்கு லேப் வழக்கம் மாறுகிறது. ரிப்போர்ட் எப்போது வேண்டும் என்பதைவிட, அந்தத் துண்டில் அடுத்து என்னென்ன பரிசோதனை வரப்போகிறது என்பதை வைத்தே திரவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேகத்தில் நைட்ரிக் அமிலத்தை மிஞ்ச ஆளில்லை. 5 முதல் 10 சதவீதக் கரைசலில் சிறு துண்டு ஒரு நாளுக்குள்ளேயே தயாராகிவிடும். ஆனால் நேரம் தாண்டினால் செல்லின் உட்கரு ஹிமடாக்ஸிலின் என்ற நீலச் சாயத்தை ஏற்காது. ஸ்லைடு முழுக்க வெளிறிய இளஞ்சிவப்புதான். டி.என்.ஏ.வும் சிதைந்துபோகும். வெள்ளிக்கிழமை மாலை போட்டுவிட்டுத் திங்களன்று எடுக்கும் பழக்கத்துக்கு இது கொஞ்சமும் ஒத்துவராது.

ஃபார்மிக் அமிலம் நிதானமானது. அதே அளவுச் செறிவில், துண்டின் தடிமனைப் பொறுத்துச் சில நாட்கள் பிடிக்கும். ஹிமடாக்ஸிலினும் இளஞ்சிவப்பு இயோசினும் சேர்ந்த வழக்கமான எச் அண்ட் இ சாயத்துக்கு அழகாக ஒத்துழைக்கும். மூட்டு மாற்று அறுவையில் எடுத்த தொடை எலும்புத் தலைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இ.டி.டி.ஏ.வின் வழியே வேறு. அமிலம் போல் அரிக்காமல், 7.0 – 7.4 பி.எச்.சில் கால்சியம் அயனிகளை ஒவ்வொன்றாகப் பற்றி வெளியே இழுக்கிறது. அதனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். கெட்டி எலும்புக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனால் மெல்லிய மஜ்ஜை பயாப்ஸிக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. 37 டிகிரி சூடும், மெல்லிய அசைவும், அவ்வப்போது புதுக் கரைசலும் கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடும்.

மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய நோயாளியை நினைத்துப் பாருங்கள். வலுவான அமிலத்தில் ஊறிய துண்டில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். ஹெர்2 மரபணுவுக்கான ஃபிஷ் பரிசோதனை (டி.என்.ஏ.வில் ஒளிரும் குறிகளை ஒட்டிப் பார்ப்பது) முற்றிலும் தோற்கலாம். எந்த மருந்து என்பதை முடிவு செய்வதே இந்த விடைகள்தான். ஒரு நாளை மிச்சம்பிடிக்கப் போய்ச் சரியான சிகிச்சையைத் தவறவிடுவதை என்னால் ஏற்க முடியாது. புற்றுப் பரவல் சந்தேகம் என்றாலே இ.டி.டி.ஏ.தான்.

கால்சியம் தீர்ந்ததா என்று ஊசியால் குத்திப் பார்ப்பதை விட்டுவிடுங்கள், திசு கிழியும். எக்ஸ்ரே எடுப்பது நம்பகமானது. அமிலக் கரைசல் என்றால், அதில் கொஞ்சம் எடுத்து அமோனியாவால் நடுநிலையாக்கி அமோனியம் ஆக்ஸலேட் சேர்த்தால் போதும். கலங்கினால் இன்னும் கால்சியம் வெளிவருகிறது என்று பொருள். இ.டி.டி.ஏ. கரைசலில் இதை அப்படியே செய்தால் ஏமாற்றும், கால்சியத்தை அது இறுகப் பிடித்திருக்கும். முதலில் கரைசலை அமிலமாக்கிக்கொள்ள வேண்டும்.

துண்டுகள் பல வந்தால், மென்மையான பகுதியைப் பிரித்துக் கால்சியம் நீக்காமலேயே தனி மெழுகு பிளாக்காகப் போடுங்கள். எந்தத் திரவம், எத்தனை மணி நேரம் என்பதை ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுங்கள். ‘நெகட்டிவ்’ என்ற விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று புற்றுநோய் மருத்துவர் அதை வைத்துத்தான் எடைபோட முடியும்.